கையுறைக்கும் ஒரு வரி எழுதுங்கள்

கரப்பான் பூச்சிக்கோ கரையானுக்கோ மருந்து அடிக்க ஆள் வருகிறார் என்றால் நம் வீடுகளில் என்ன நடக்கிறது? சமையலறைப் பாத்திரங்களை எடுத்துக் கட்டிலின் மேல் பரப்பிப் பழைய வேட்டியால் மூடுகிறோம். குழந்தைகளை எதிர்வீட்டுக்கு அனுப்புகிறோம். பூஜை அலமாரியைச் சாத்துகிறோம். இழுப்பு உள்ள பெரியவர் இருந்தால் பூங்காவுக்குக் கூட்டிச் செல்கிறோம். எல்லோரையும் காப்பாற்றிவிட்டோம் என்ற நிம்மதியோடு கதவை மூடுகிறோம். ஆனால் கதவுக்கு உள்ளே ஒருவர் மருந்தோடு இருக்கிறார். அவருடைய கையை மட்டும் நாம் பார்ப்பதில்லை.

நானும் பார்க்கவில்லை என்று எழுத ஆசைதான். உண்மை அதுவல்ல. பார்த்தேன், பார்த்தும் பேசாமல் இருந்தேன். அந்த உறுத்தலில்தான் இதை எழுதுகிறேன்.

நான் 1978-ல் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து பம்பாய்க்கு வந்தவன். ஒரு பெயிண்ட் தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் 34 வருடம் வேலை பார்த்து 2012-ல் ஓய்வு பெற்றேன். பூட்ஸ், முகமூடி, கண்ணாடி, கையுறை எல்லாம் என் கையெழுத்து இல்லாமல் வெளியே போகாது. எந்தப் பிரிவுக்கு எந்தக் கையுறை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். சாதாரண ரப்பர் கையுறையை டர்பன்டைனில் போட்டால் சற்று நேரத்தில் ஊறி உப்பித் தளர்ந்துபோவதைப் புதிதாகச் சேரும் பையன்களுக்கு நானே செய்து காட்டியிருக்கிறேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. தெரியாதவன் சும்மா இருந்தால் மன்னிக்கலாம். தெரிந்தவன் சும்மா இருந்ததை என்ன சொல்வது?

மிச்சம் பிடித்த 1,500 ரூபாய்

2022 மே மாதம். செம்பூரில் எங்கள் சொஸைட்டியில் கீழ்த்தளத்துக் கதவு நிலைகளில் கரையான் ஏறிவிட்டது. அப்போது நான் பொருளாளர். மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்கினோம். இருப்பதிலேயே குறைந்ததை எடுத்து, அதிலும் பேரம் பேசி 1,500 ரூபாய் குறைத்தேன். கமிட்டிக் கூட்டத்தில் எல்லோரும் பாராட்டினார்கள். கையுறை பற்றி அந்தக் காகிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. நானும் கேட்கவில்லை.

வேலைக்கு வந்தது இரண்டு பையன்கள். ஒருவன் துளைபோடும் மெஷினைப் பிடித்தான். மற்றவனுக்கு 22 வயது இருக்கும். அவன் மருந்து கலந்தான். தகர டப்பாவைத் திறந்ததுமே மண்ணெண்ணெய் போன்ற நெடி. குளோர்பைரிபாஸ் 20 ஈ.சி. ஒரு பங்கு மருந்துக்கு 19 பங்கு தண்ணீர். ஊற்றியதும் வாளித் தண்ணீர் பால் போல் வெளுத்தது. கிளறுவதற்குக் குச்சி இல்லை. முழங்கை வரை கையை விட்டுக் கிளறினான். வலது கையில் மட்டும், நர்சுகள் போடுவது போன்ற மெல்லிய கையுறை. அதுவும் கட்டைவிரல் பக்கம் கிழிந்திருந்தது.

அதுவரை என்னிடம் இந்தியில் பேசிக்கொண்டிருந்தான். மாடியிலிருந்து என் மனைவி, “காப்பி ஆறுது, வாங்களேன்” என்று கூப்பிட்டதும் முகம் மலர்ந்துவிட்டது.

“சார், நீங்க தமிழா? முதல்லயே சொல்லக் கூடாதா?”

தாராவிப் பையன். தாத்தா காலத்திலேயே திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த குடும்பம். தாத்தா தோல் பதனிடும் கிடங்கில் வேலை பார்த்தவராம்.

“கிளவுஸ் வேற இல்லையா தம்பி?” என்று கேட்டேன்.

“சேட் ஒரு பெரிய கிளவுஸ் கொடுத்தாரு சார். அதப் போட்டா வழுக்குது, பிடிமானமே இல்ல. இது பரவால்ல சார், பழகிப் போச்சு.”

பழகிப் போச்சு என்றான். நான் காப்பி குடிக்க மாடிக்குப் போய்விட்டேன். அந்த நேரத்தில் கீழேயே நின்று, “வேலையை நிறுத்து தம்பி, கையுறை வந்த பிறகு ஆரம்பிக்கலாம்” என்று சொல்ல எனக்கு அதிகாரம் இருந்தது. சொல்லவில்லை. மழைக்கு முன் வேலை முடிய வேண்டும் என்பதுதான் என் கவலை.

மாலை ஐந்து மணிக்கு வாட்ச்மேன் ஓடி வந்தார். பையன் வாசல் நாற்காலியில் சரிந்து கிடந்தான். சட்டை பிழிந்தெடுக்கலாம் போல் வியர்வை. வாயில் எச்சில் வழிந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகினான். அன்று வெயில் கடுமைதான். ஆனால் வெயில் மயக்கத்தில் எச்சில் வழியாது. கண்மணி கடுகாகச் சுருங்காது. ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஓடினோம். புறப்படும்போது அந்தத் தகர டப்பாவையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டேன். அன்று நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான். லேபிளைப் பார்த்த டாக்டர் அடுத்த நிமிடமே அட்ரோபின் ஊசிக்குச் சொன்னார். உடைகளைக் கழற்றிச் சோப்புத் தண்ணீரால் உடம்பு முழுவதும் கழுவினார்கள். நான்காம் நாள் வீடு திரும்பினான்.

காண்டிராக்டருக்கு போன் செய்தபோது, “வெயில் தாங்கலை, அவ்வளவுதான்” என்றார். ஆஸ்பத்திரிச் செலவு நம் பொறுப்பல்ல என்றார் எங்கள் செகரட்டரி. நான் மிச்சம் பிடித்த 1,500 ரூபாய், வெளி மருந்துக் கடையில் ஒரே நாளில் கரைந்தது.

வாய் வழியாக மட்டுமா விஷம்?

விஷம் என்றால் குடித்தால்தான் ஆபத்து என்று நாம் நினைக்கிறோம். அடுத்தபடியாக மூக்கைப் பற்றிக் கவலைப்படுகிறோம், கைக்குட்டையைக் கட்டிக்கொள்கிறோம். ஆனால் மருந்து கலப்பவருக்கும் அடிப்பவருக்கும் பெரும்பாலும் விஷம் ஏறுவது தோல் வழியாகத்தான்.

1971-ல் அமெரிக்காவில் மெய்பாக் என்ற தோல் மருத்துவரும் அவருடைய சகாக்களும் மனிதத் தோல் எந்த இடத்தில் எவ்வளவு பூச்சிமருந்தை உறிஞ்சுகிறது என்று அளந்து வெளியிட்டார்கள். பாரத்தியான் மருந்தை முன்கையில் தடவினால் சுமார் 9 சதவீதம் உள்ளே போயிற்று. உள்ளங்கையில் 12 சதவீதம். நெற்றியில் 36 சதவீதம். விரைப்பையில் ஏறக்குறைய முழுவதும். இதன் பொருள் என்ன? கை நனைந்தால் கையோடு போவதில்லை. அந்தக் கையால்தான் நெற்றி வியர்வையைத் துடைக்கிறோம். அதே கையோடுதான் சிறுநீர் கழிக்கப் போகிறோம். கை என்பது விஷத்தை உடம்பெங்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும் தபால்காரன்.

நாற்றமில்லாத மருந்து என்று இப்போது விளம்பரம் செய்கிறார்கள். நாற்றம் இல்லை என்றால் விஷம் இல்லை என்று பொருளல்ல. சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் வகை மருந்துகளைத் தொட்ட கையால் முகத்தைத் துடைத்தால் சில மணி நேரம் கழித்து முகம் எரியும், ஊசி குத்துவது போல் இருக்கும். பெரும்பாலும் ஒரு நாளில் சரியாகிவிடும் என்பதால் யாரும் டாக்டரிடம் போவதில்லை. முன்பு வீடுகளில் தாராளமாகப் புழங்கிய டைகுளோர்வாஸ் நம் நாட்டில் 2020 டிசம்பர் 31-லிருந்து தடை செய்யப்பட்டுவிட்டது. அதையே பல வருடம் வெறுங்கையால் கலந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள்.

சட்டம் எழுதி வைத்திருக்கிறது

1958 ஏப்ரல், மே மாதங்களில் கேரளத்திலும் அன்றைய சென்னை மாநிலத்திலும் பூச்சிமருந்து கலந்த உணவைச் சாப்பிட்டுப் பலர் மாண்டார்கள். அதை விசாரிக்க மத்திய அரசு பம்பாய் உயர்நீதிமன்ற நீதிபதி ஜே.சி. ஷா தலைமையில் ஒரு கமிஷன் அமைத்தது. அந்தத் துயரத்தின் தொடர்ச்சியாகத்தான் 1968-ல் பூச்சிக்கொல்லிச் சட்டமும், 1971-ல் அதன் விதிகளும் வந்தன.

அந்த விதிகளில் 39ஆவது விதியைப் படித்துப் பாருங்கள். மருந்தைக் கையாளுகிறவருக்குத் தகுந்த பாதுகாப்பு உடை வேண்டும் என்கிறது. கையுறை முன்கையின் பாதி வரை வர வேண்டும், திரவம் புகாத பொருளில் செய்ததாக இருக்க வேண்டும் என்று அளவோடு எழுதியிருக்கிறது. வேலைக்கு எடுக்கும்போதும் அதன்பின் அவ்வப்போதும் மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும் என்றும் விதி இருக்கிறது. வீடுகளில் தொழிலாக மருந்து அடிக்க உரிமம் வேண்டும். அதற்கு வேதியியல் படித்த பட்டதாரியோ விவசாயப் பட்டதாரியோ 15 நாள் பயிற்சிச் சான்றிதழோடு இருக்க வேண்டும்.

ஐம்பது வருடத்துக்கு முன்னாலேயே முன்கையின் பாதி என்று அளந்து எழுதிவிட்டார்கள். 2017-ல் நம் மகாராஷ்டிரத்திலேயே யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து அடித்த விவசாயிகளும் கூலிகளும் 20 பேருக்கு மேல் இறந்தார்கள்; நூற்றுக்கணக்கானோர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். அப்போது பத்திரிகைகள் எல்லாம் பாதுகாப்பு உடை பற்றி எழுதின. படித்துவிட்டு, பாவம் கிராமத்து ஜனங்கள், விவரம் தெரியாதவர்கள் என்று நானும் உச்சுக் கொட்டினேன். ஐந்து வருடம் கழித்து என் வீட்டு வாசலிலேயே விவரம் தெரிந்தவன் முன்னால் அது நடந்தது.

கொடுத்தாலும் போடமாட்டான்

இந்தப் பேச்சை எடுத்தால் உடனே வரும் பதில் இது. “நீங்க வேற சார், கொடுத்தாலும் போடமாட்டானுங்க.” காண்டிராக்டர் சொல்கிறார், கமிட்டி சொல்கிறது, பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார். நான் இதை ஒப்புக்கொள்ளமாட்டேன். 34 வருட ஸ்டோர்ஸ் அனுபவத்தில் கண்டது இதுதான்: ஓர் ஆள் கையுறையைக் கழற்றி வைத்தால் பத்துக்கு எட்டுத் தடவை அந்தக் கையுறை தவறானது. ஒன்று, பெரிதாக இருக்கும். அல்லது வேலைக்கு இடைஞ்சலாக இருக்கும். அல்லது உள்ளே ஈரமும் பிசுபிசுப்புமாக இருக்கும். அவனுக்குத் திமிர் என்று எழுதி ஃபைலை மூடுவது சுலபம். அளவெடுத்து வேறு கையுறை கொடுப்பது கொஞ்சம் கஷ்டம்.

தவறான கையுறை வெறுங்கையைவிட மோசம் என்றுகூடச் சொல்வேன். வெறுங்கை நனைந்தால் உறைக்கும், கழுவத் தோன்றும். கையுறைக்குள் மருந்து புகுந்துவிட்டால் வெளியே தெரியாது. வியர்வையோடு சேர்ந்து நாள் முழுவதும் தோலோடு ஒட்டிக்கிடக்கும். பத்து மணி நேரம் பற்றுப் போட்ட மாதிரி. நம் பையனுக்கு அன்று அந்தக் கிழிந்த கையுறை செய்தது அதுதான்.

எந்த வேலைக்கு எந்தக் கையுறை?

மருந்து டப்பாவில் பெயருக்குப் பக்கத்தில் இரண்டு எழுத்து இருக்கும். முதலில் அதைப் பார்க்க வேண்டும். ஈ.சி. என்றால் பெட்ரோலியக் கரைப்பானில் கரைத்த மருந்து. டபிள்யு.பி. என்றால் தண்ணீரில் கலக்கும் தூள். எஸ்.சி. என்றால் மருந்தின் நுண்துகள்களைத் தண்ணீரில் கலந்து வைத்திருக்கும் கூழ். தூளுக்கும் கூழுக்கும் தண்ணீர் புகாத நல்ல கையுறை எதுவானாலும் பொதுவாகப் போதும். ஈ.சி.க்குப் போதாது. அதிலுள்ள கரைப்பான் சாதாரண ரப்பரை ஊற வைத்துவிடும். ஓட்டை எதுவும் இல்லாமலேயே மருந்து ரப்பருக்குள் ஊர்ந்து மறுபக்கம் வந்துவிடும். கண்ணுக்குத் தெரியாது. பாத்திரம் தேய்க்கும் மஞ்சள் கையுறையை நம்பி ஈ.சி. கலக்கக் கூடாது என்பது இதனால்தான்.

ஈ.சி. வகைக்கு நைட்ரில் கையுறை வேண்டும். பெரும்பாலும் பச்சை நிறத்தில் கிடைக்கும். ஆனால் நிறத்தை நம்பாமல் பெயரைப் படித்து வாங்க வேண்டும். எல்லாக் கரைப்பானுக்கும் ஏற்ற கையுறை என்று உலகத்தில் ஒன்று கிடையாது. அசிட்டோன் போன்றவற்றில் நைட்ரிலும் ஊறும். ஆகையால் மருந்துக் கம்பெனி தரும் பாதுகாப்புத் தாளில் என்ன கையுறை சொல்லியிருக்கிறது என்று கேட்டு வாங்குவது நல்லது.

கனம் அடுத்தது. கையுறைக் கனத்தை மில் என்ற கணக்கில் சொல்வார்கள். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மில். அமெரிக்காவில் பூச்சிமருந்து லேபிள்களில் பெரும்பாலான ரப்பர் வகைகளுக்குக் கேட்பது 14 மில், அதாவது ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூட. கோவிட் காலத்தில் நாம் எல்லோரும் வாங்கி வைத்த மெல்லிய கையுறை நான்கிலிருந்து ஆறு மில்தான் இருக்கும். அது ஊசிக்குழாயில் கரப்பான் ஜெல் வைப்பதற்குச் சரி. விரலும் வளையும். ஆனால் ஒரு தடவைதான். ஒரு வீடு முடிந்ததும் கழற்றி எறிய வேண்டும். டப்பாவிலிருந்து மருந்து ஊற்றிக் கலக்க அதைப் போடவே கூடாது.

கையுறையிலோ அதன் அட்டையிலோ ஐ.எஸ்.ஓ. 374 என்று எழுதி ஒரு குடுவைப் படம் இருந்தால் ரசாயனத்துக்குச் சோதித்தது என்று பொருள். பூச்சிமருந்துக்கென்றே 2019-ல் ஐ.எஸ்.ஓ. 18889 என்று தனித் தரம் வந்திருக்கிறது. அதில் ஜி1 என்றால் தண்ணீர் கலந்த மருந்துக்கு. ஜி2 என்றால் கலக்காத கெட்டி மருந்துக்கும் சேர்த்து.

நீளம் 12, 13 அங்குலமாவது வேண்டும். உள்ளே பஞ்சுப் பூச்சு இருக்கக் கூடாது. போட்டுக்கொள்ள மெத்தென்று இருக்கும். ஆனால் ஒரு தடவை மருந்து பட்டால் பஞ்சு குடித்து வைத்துக்கொள்ளும். பிறகு கழுவினாலும் போகாது. வியர்வைக்குப் பயந்தால் உள்ளே தனியாக மெல்லிய நூல் கையுறை போட்டு, அதைத் தினமும் மாற்றலாம். தோல் கையுறை இந்த வேலைக்கு ஆகவே ஆகாது. தாராவித் தோல் எவ்வளவு நயமானதானாலும் தோல் தோல்தான், உறிஞ்சிவிடும்.

அளவுதான் எல்லாவற்றிலும் முக்கியம். கட்டைவிரலை விட்டுவிட்டு உள்ளங்கையைச் சுற்றி டேப்பால் அளந்தால் எத்தனை அங்குலம் வருகிறதோ ஏறக்குறைய அதுதான் கையுறை நம்பர். எட்டங்குலக் கைக்குப் பத்தாம் நம்பரைக் கொடுத்துவிட்டு, போடமாட்டேன் என்கிறான் என்றால் யார் குற்றம்?

ஒரு விதிவிலக்கையும் சொல்ல வேண்டும். தானியக் கிடங்குகளில் வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை ஈரம் பட்டால் நச்சு வாயுவைக் கக்கும். அதைத் தொட ஈரமில்லாத நூல் கையுறையே உகந்தது. ஈரம் ஒட்டிய ரப்பர் ஆபத்து. ஆனால் அந்த மாத்திரைக்கு மக்கள் குடியிருக்கும் கட்டடத்தில் இடமே இல்லை. மூட்டைப்பூச்சிக்கு மாத்திரை வைக்கிறேன் என்று எவர் வந்தாலும் வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள்.

எலிப் பொறி எடுக்கும் வேலைக்கும் கையுறை உண்டு. மும்பை மழையில் எலி மூத்திரத்தால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் பற்றி நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கையில் ஒரு சிறு சிராய்ப்பு போதும், கிருமி உள்ளே போக.

போடுவதிலும் கழற்றுவதிலும்

போடும் முன் கையுறையில் காற்றை அடைத்து வாயைச் சுருட்டி அழுத்திப் பார்க்க வேண்டும். காற்று இறங்கினால் குப்பைக்கு. தரையிலும் சுவர் ஓரத்திலும் அடிக்கும்போது சட்டைக் கை கையுறையின் மேல் இருக்கட்டும். கையை உயர்த்திப் பரண், கூரை என்று அடிக்கும்போது சட்டைக் கையைக் கையுறைக்குள் விட்டுக் கையுறையின் விளிம்பை வெளிப்பக்கம் மடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் வழியும் மருந்து நேரே உள்ளே போகும். வேலை முடிந்ததும் கையுறையோடு கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் கழற்ற வேண்டும். பிறகு வெறுங்கையையும் கழுவ வேண்டும். கையுறைக் கையால் செல்போனை எடுப்பது, லிஃப்ட் பொத்தானை அழுத்துவது, பீடி பற்ற வைப்பது எல்லாம் கூடாது. அந்த லிஃப்ட் பொத்தானைத்தான் அடுத்ததாக நம் பேரக்குழந்தை அழுத்தும். இதில் நமக்கும் பங்கு இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

நம் வேலை என்ன?

பையன் உடம்பு தேறி ஒரு மாதம் கழித்து அவனை நாக்தேவித் தெருவுக்குக் கூட்டிப்போனேன். நான்கு ஜோடி போட்டுப் பார்த்தான். கடைக்காரரின் மேஜையில் கிடந்த ஒரு ரூபாய்க் காசைக் கையுறைக் கையால் எடுக்க வருகிறதா என்று பார்த்தான். மூன்றாவது ஜோடியில் வந்தது. எட்டாம் நம்பர். “இது போட்டா வேல ஓடும் சார்” என்றான். அவனைக் கேட்டு வாங்கியதால் அவனே போடுகிறான். இப்போது அவன் வேறோர் இடத்தில் அதே வேலையில்தான் இருக்கிறான். அந்த வேலையை விட்டுவிடு என்று சொல்ல நான் யார்? வீட்டு வாடகையை நானா கொடுக்கப் போகிறேன்?

கையுறை கொடுப்பது காண்டிராக்டர் கடமை, சட்டமே அப்படித்தான் சொல்கிறது, இதில் குடியிருப்பவர் ஏன் தலையிட வேண்டும் என்று சிலர் கேட்கலாம். கடமை அவருடையதுதான், மறுக்கவில்லை. ஆனால் மூன்று கொட்டேஷனில் குறைந்ததை எடுத்து, அதையும் அடித்துப் பிடித்துக் குறைக்கிறோமே, அந்தப் பணம் எங்கிருந்து குறைகிறது? மருந்தின் விலை குறையாது. துளைபோடும் மெஷின் வாடகை குறையாது. குறைவது பையனின் கூலியும் கையுறையும்தான். பேரம் பேசுகிறவருக்கும் அதில் பங்கு உண்டு.

ஆகவே நம் சங்க அன்பர்களுக்கு என் வேண்டுகோள் சில.

சொஸைட்டிக் கமிட்டியில் இருப்பவர்கள் கொட்டேஷன் கேட்கும்போதே உரிமத்தின் நகலையும் கேளுங்கள். ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதுங்கள்: கலப்பவருக்கும் அடிப்பவருக்கும் அவரவர் அளவில், மருந்துக்கு ஏற்ற கையுறை இல்லாமல் வேலை தொடங்கக் கூடாது. அந்த வரி இல்லாத கொட்டேஷன் எவ்வளவு குறைவாக இருந்தாலும் மலிவு அல்ல.

வீட்டுக்கு ஆள் வரும்போது டப்பாவைக் காட்டச் சொல்லுங்கள். லேபிளில் முக்கோணத்தின் நிறம் சிவப்பு என்றால் கடும் விஷம், அடுத்தது மஞ்சள், பிறகு நீலம், பச்சை கடைசி. அந்த லேபிளைச் செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஏதாவது ஆகிவிட்டால் டாக்டர் கேட்கும் முதல் கேள்வி, என்ன மருந்து என்பதுதான். தில்லி எய்ம்ஸில் இதற்கென்றே தேசிய விஷத் தகவல் மையம் இயங்குகிறது. கைகழுவ ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் முதலிலேயே எடுத்து வையுங்கள். அதற்குக் காசு செலவில்லை.

நம்மவர்களில் இந்தத் தொழிலை நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பணிவாக ஒன்று சொல்வேன். கையுறை வாங்கும்போது மொத்தமாக ஒரே அளவில் டஜன் கணக்கில் வாங்காதீர்கள். பையன்களின் கையை அளந்துவிட்டு வாங்குங்கள்.

தாராவியிலும் சீதா கேம்ப்பிலும் இருக்கும் நம் பிள்ளைகள் பலர் இந்த மாதிரி வேலைகளில்தான் இருக்கிறார்கள். சங்கம் பொங்கல் விழாவுக்கு மேடை போடுகிறது, நல்லது. இலவச நோட்டுப் புத்தகம் கொடுக்கிறது, அதுவும் நல்லது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நம் மன்றத்திலேயே இந்தப் பிள்ளைகளைக் கூட்டி, தமிழிலேயே இதை விளக்கி, கையை அளந்து ஆளுக்கு ஒரு ஜோடி நல்ல கையுறை கொடுத்தால் என்ன? அளவெடுக்கும் டேப்போடு நான் வருகிறேன். அது எனக்குத் தெரிந்த வேலை.

அந்தப் பையன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று அவனுடைய பாட்டியைப் பார்த்தேன். தாத்தாவின் கைகள் சுண்ணாம்பிலும் ரசாயனத்திலும் ஊறி ஊறிக் கடைசிவரை வெளுத்தே இருந்தனவாம். சோறு பிசையும்போது உப்புப் பட்டால் எரியுமாம். “அவர் கையத்தான் அப்படி விட்டோம், இவன் கையாவது நல்லா இருக்கட்டும் ஐயா” என்றார்.

அந்தக் கிழவிக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. நாம் எல்லோரும் சேர்ந்து சொல்லலாமா?